பழைய பத்திரிகைகளில் காலனிக் கால வாழ்க்கை: தெலுக் இந்தானில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து, இப்போது பட்டணத்தில் குடியிருக்கும் நாங்கள் சிலர், சில ஆண்டுகளாகப் பழைய மலாயாப் பத்திரிகைகளைத் தேடிப் படித்துவருகிறோம். சாய்ந்த கோபுரத்துக்குப் பக்கத்தில் தேநீர் குடிக்கும்போதும், கல்யாண வீட்டுப் பந்தியிலும், கோயில் திருவிழாவிலும் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகளையும் நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறோம்.

எந்தப் பத்திரிகைகளைப் படிக்கிறீர்கள்?

பெரும்பாலும் ஆங்கிலப் பத்திரிகைகள்தாம். மலாயாவின் முதல் பத்திரிகை 1806இல் பினாங்கில் தொடங்கியது. சிங்கப்பூரின் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845இலும், கோலாலம்பூரின் மலாய் மெயில் 1896இலும், ஈப்போவின் டைம்ஸ் ஆஃப் மலாயா 1904இலும் வெளிவரத் தொடங்கின. இவை ஒன்றிடமிருந்து ஒன்று செய்தியை எடுத்து அச்சிட்டுக்கொண்டவை. ஆகவே பேராக்கில் நடந்த ஒரு சம்பவம் பினாங்குப் பத்திரிகையில் ஒரு மாதிரியாகவும், சில நாள் கழித்துச் சிங்கப்பூர்ப் பத்திரிகையில் வேறு மாதிரியாகவும் இருப்பதைக் காணலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதில்தான் சுவை இருக்கிறது.

எங்கே கிடைக்கும்? பணம் கட்ட வேண்டுமா?

சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் மின்னிதழ்த் தொகுப்பு இணையத்தில் இருக்கிறது. பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன் போன்றவற்றை வீட்டிலிருந்தபடியே இலவசமாகப் படிக்கலாம். கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போவதாக இருந்தால் ஒரு நாள் முழுவதையும் ஒதுக்கிக்கொண்டு போவது நல்லது.

'தெலுக் இந்தான்' என்று தேடினால் ஒன்றுமே வருவதில்லையே?

வராது. 1982 வரை ஊரின் அதிகாரப்பூர்வப் பெயர் தெலுக் ஆன்சன். பினாங்கின் துணை ஆளுநராக இருந்த ஆர்ச்சிபால்ட் ஆன்சனின் பெயரை ஊருக்கு வைத்திருந்தார்கள். நம் பாட்டிமார் அதை 'தெலுக்கான்சன்' என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். பத்திரிகையில் தேடும்போது 'தெலுக்' என்பதில் 'யூ' எழுத்துக்குப் பதிலாக 'ஓ' எழுத்தைப் போட வேண்டும். அதேபோல் 'கூலி' என்ற சொல் ஒரு பத்திரிகையில் 'ஒய்' எழுத்தில் முடியும், மற்றொன்றில் 'ஐ, இ' என்று முடியும். தமிழர்களைக் குறிக்க அன்று 'கிளிங்' என்ற சொல் தாராளமாகப் புழங்கியது. இன்று காதில் விழுந்தாலே கோபம் வரும் சொல் அது. ஆனாலும் அதைத் தட்டச்சு செய்யாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செய்திகளில் பாதி கண்ணில் படாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. தேய்ந்த அச்செழுத்தைக் கணினி தவறாகப் படித்துவைத்திருக்கும். ஊர்ப் பெயரே உடைந்து வேறு ஏதோ சொல்லாக மாறியிருக்கும். தேடல் கைகொடுக்காவிட்டால், தேதியை வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

எங்கள் ஊர் யானை ரயிலை முட்டிக் கவிழ்த்தது உண்மையா, கட்டுக்கதையா?

உண்மை. எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வியும் இதுதான். தாப்பா ரோடு என்ற ஊரிலிருந்து தெலுக் ஆன்சனுக்கு ரயில் பாதை போடப்பட்டு அதிக நாள் ஆகியிருக்கவில்லை. காட்டை வெட்டிப் போட்ட பாதை அது. யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்த தடங்கள் அதற்குக் குறுக்கே கிடந்தன. 1894 செப்டம்பர் 17ஆம் தேதி ஓர் ஆண் யானை, ஓடிவந்த ரயிலை எதிர்த்து மோதித் தடம்புரளச் செய்து, தானும் இறந்தது. இறந்த இடத்திலேயே அதைப் புதைத்து ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்புப் பலகை வைத்தார்கள். தன் கூட்டத்தைக் காக்க ரயிலை எதிர்த்துப் பாய்ந்து அதைத் தடம்புரளச் செய்த காட்டு யானை இங்கே புதைக்கப்பட்டிருக்கிறது என்பது அதில் எழுதியிருப்பதன் பொருள்.

நம் வீடுகளில் இந்தக் கதை சற்று வேறு மாதிரி சொல்லப்படும். என் பாட்டி, அந்த யானையின் குட்டி முன்பொரு நாள் ரயிலில் அடிபட்டுச் செத்தது என்றும், தகப்பன் அதே ரயிலுக்காகக் காத்திருந்து பழிவாங்கியது என்றும் சொல்வார். சொல்லும்போது தன் தலையை ஒருமுறை குனிந்து ஆட்டிக் காட்டுவார், யானை முட்டுவதைப் போல. பலகையில் குட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் பலகையை எழுதிய துரையும்கூடத் தோற்றுப்போன எதிரிக்கு மரியாதை செய்வதைப் போலத்தான் அந்த வரியை எழுதியிருக்கிறார். காலனி அரசு ஓர் உயிர் தன்னை எதிர்த்ததைப் புகழ்ந்து பலகை வைத்தது அபூர்வம். ஊரை ஒட்டி ஓடும் பேராக் ஆற்றின் மேற்புறத்தில், பாசிர் சாலாக்கில், 1875இல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக, அதாவது சுல்தானுக்கு ஆலோசகராக, இருந்த பர்ச்சைக் கொன்ற மலாய்க்காரர்களுக்குத் தூக்குக் கயிறுதான் கிடைத்தது.

ரயில் இப்போது ஓடுவதில்லை. பலகை இருக்கிறது.

புலி பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் படுத்திருந்ததாகச் சொல்வது?

இது சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் ஹோட்டலில் 1902 ஆகஸ்டில் நடந்தது. புலி வந்தது காட்டிலிருந்து இல்லை, பக்கத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு காட்சிக் கூடாரத்திலிருந்து தப்பி வந்தது. அது பதுங்கியதும் மேசைக்கு அடியில் இல்லை. தூண்களின்மேல் உயர்த்திக் கட்டப்பட்டிருந்த பில்லியர்ட்ஸ் கட்டடத்தின் தரைக்கு அடியில். சுட்டவர் ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தின் தலைமையாசிரியர் ஃபிலிப்ஸ். தரைக்கு அடியில் என்பது சொல்லச் சொல்ல மேசைக்கு அடியில் என்று சுருங்கிவிட்டது. இப்படித்தான் கதை வளர்கிறது, சில நேரம் இடத்தைக் குறுக்கிக்கொண்டு.

இதைவிட என்னை நிறுத்திவைத்த புலிச் செய்தி வேறொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சிங்கப்பூரின் மிளகுத் தோட்டங்களிலும், தோல் பதனிடப் பயன்படும் காம்பியர் செடித் தோட்டங்களிலும் நாளுக்கு ஓர் ஆள் புலிவாயில் போகிறார் என்று ஒரு பேச்சு நிலவியது. அந்தக் கணக்கு எவ்வளவு சரி என்று வாதாடுவது வீண். செத்தவர்களை எண்ணினால்தானே கணக்கு வரும்? கூலியாட்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று தோட்ட முதலாளிகள் சாவுகளை மூடிமறைத்தார்கள் என்று அக்காலத்தவரே எழுதியிருக்கிறார்கள். ஹோட்டல் புலி யாரையும் தின்னவில்லை. அதற்கு இன்றுவரை புகழ். தோட்டத்துப் புலிகள் தின்றவர்களின் எண்ணிக்கைகூட ஒழுங்காக இல்லை.

வீட்டில் யாராவது கெட்டிக்காரராக இருந்தால் 'சரியான எம்டன்' என்கிறோமே, அதற்கும் மலாயாவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. எம்டன் ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல். முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களில், 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு, அது சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு மறைந்தது. அடுத்த மாதம் 28ஆம் தேதி விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. மூன்று புகைபோக்கிகள் கொண்ட அந்தக் கப்பல், பிரிட்டிஷ் கப்பலைப் போலத் தோன்றுவதற்காகப் போலியாக நான்காவது ஒன்றைப் பொருத்திக்கொண்டு வந்தது. அங்கே நின்றிருந்த ரஷ்யப் போர்க்கப்பல் செம்சுக்கை மூழ்கடித்தது. அந்தக் கப்பலின் தலைவர் அந்நேரம் கப்பலில் இல்லை, கரையில் இருந்தார். துறைமுகத்தை விட்டு வெளியேறும்போது ஒரு பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது.

இதில் நம் மக்களுக்கென்று ஒரு பங்கு இருக்கிறது. சென்னையில் ஒரு முறை, பினாங்கில் ஒரு முறை என்று தமிழர் வாழ்ந்த இரு கரைகளிலும் குண்டு போட்ட கப்பல் அது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறியவர்கள் இரண்டு முனையிலும் அதன் பெயரைக் கேட்டிருப்பார்கள். ஆங்கிலப் பத்திரிகைகளில் அது போர்ச் செய்தியாக முடிந்துபோனது. தமிழில் அது அகராதிச் சொல்லாகவே தங்கிவிட்டது, அதுவும் பாதி வியப்போடு.

'வராந்தாக் கொலை' பற்றிச் சொல்ல முடியுமா?

சுருக்கமாகச் சொல்கிறோம், ஏனென்றால் இதைப் பற்றி ஏற்கெனவே தேவைக்கு மேல் எழுதப்பட்டிருக்கிறது. 1911 ஏப்ரலில் கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத் தலைமையாசிரியர் இல்லத்தின் வராந்தாவில், தற்காலிகத் தலைமையாசிரியரின் மனைவி எத்தல் பிரவுட்லாக், ஈயச் சுரங்க மேலாளர் வில்லியம் ஸ்டுவர்டைச் சுட்டுக் கொன்றார். தன் மானத்தைக் காக்கச் சுட்டதாக அவர் சொன்னார். நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. வெள்ளையர் சமூகம் மனுமேல் மனு போட்டது. ஜூலையில் சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு வழங்கினார்.

நாங்கள் கவனிக்கச் சொல்வது சாட்சிகளின் பக்கத்தை. ஸ்டுவர்டை அந்த மழை இரவில் அங்கே இழுத்துவந்த ரிக்‌ஷாக்காரரும் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். வெள்ளைக்காரப் பெண்மணியின் உயிர் ஊசலாடிய வழக்கில், மறுநாள் காலை யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு கூலிக்காரரின் சொல்லை நீதிபதி உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது.

நம்மவர்களின் பெயர் ஏன் வருவதே இல்லை?

ஒரு மாலை, கணினித் திரையில் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கப் பத்தி முழுவதும் குதிரைப் பந்தயம்: ஒவ்வொரு குதிரைக்கும் பெயர், அது சுமக்கும் எடை, சொந்தக்காரர் பெயர். அதற்கு அடுத்த பத்தியின் அடியில் மூன்றே வரியில் ஒரு சாவு. 'ஒரு தமிழ்க் கூலி' என்று தொடங்கியது, எந்தத் தோட்டம் என்பது இருந்தது, பெயர் இல்லை. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வெகுநேரம் வேறு எதையும் திறக்க மனம் வரவில்லை.

காரணம் சிக்கலானதன்று. பத்திரிகையை வாங்கியவர்கள் துரைமார், வியாபாரிகள், அரசாங்க உத்தியோகஸ்தர்கள், ஆங்கிலம் படித்த உள்ளூர்வாசிகள். தோட்டத்துச் செய்தியை எழுதி அனுப்பியவரும் பெரும்பாலும் ஒரு துரையாகவே இருப்பார், அதுவும் புனைபெயரில். அவருக்குத் தோட்ட அலுவலக எழுத்தரான பெரிய கிராணியின் பெயர் தெரியும், கங்காணியின் பெயர் தெரியும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் வரிசையாக நின்ற முந்நூறு பேர் அவருக்கு ஓர் எண்ணிக்கை. எப்போதாவது பெயர் வந்தாலும் 'ராமசாமி' என்று வரும். அது அந்த ஆளின் பெயரா, எல்லாத் தமிழருக்கும் பொதுவாக வெள்ளையர் வைத்த பெயரா என்று பிரித்தறிவது கடினம்.

ஆனால் ஒரு பத்தி மட்டும் விதிவிலக்கு. மாஜிஸ்திரேட்டு நீதிமன்றச் செய்திகளில் நம்மவர்கள் திடீரென்று பெயரோடும் பேச்சோடும் எழுந்து நிற்பார்கள். அறிவிப்புக் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போவது ஒரு காலம்வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. ஒரு தோட்டத்தின் ஆட்களை இன்னொரு தோட்டத்தார் ஆசைகாட்டி இழுத்துக்கொள்வதும் வழக்காகும். இத்தகைய வழக்குகளில், ஓடிப்போனவர் தம் தரப்பைச் சொல்லும் ஒன்றிரண்டு வரிகள் சில சமயம் அச்சாகியிருக்கும். துரை எழுதாத, துரையால் எழுத முடியாத வரிகள் அவை. விநோதக் கதைகளைத் தேடி வருகிறவர்கள் யானையையும் புலியையும் பார்த்துவிட்டு இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எங்களைக் கேட்டால் முதலில் இங்கே நில்லுங்கள் என்போம்.

விலைப்பட்டியலைக்கூடப் படிக்கச் சொல்கிறீர்களாமே? அதில் என்ன கதை இருக்கிறது?

இருக்கிறது. 1877இல் சிங்கப்பூருக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. தாவரப் பூங்காவின் இயக்குநர் ரிட்லி, காப்பித் தோட்டக்காரர்களிடம் ரப்பர் நடும்படி வற்புறுத்தி, 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பட்டத்தை வாங்கிக்கொண்டார். 1910 வசந்தத்தில் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் (பவுண்டு எடை) ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது.

இனி ஒரு சிறு கணக்கு. 1906 முதல் ஒரு மலாயா வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலையான மாற்று விகிதம் இருந்தது. அப்படியானால் ஒரு ராத்தல் ரப்பர் ஐந்து வெள்ளிக்கும் மேல். அதற்குப் பதினைந்து ஆண்டுக்கு மேல் கழித்து, 1920களின் இறுதியில், இந்தியத் தொழிலாளர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதாவது அந்த உச்ச விலையில் ஒரு ராத்தலை வாங்க, பின்னால் வந்த தலைமுறை ஆண் ஒருவர் பத்து நாளைக்கு மேல் பால் வெட்ட வேண்டும். 1932இல் விலை 3 பென்சுக்கும் கீழே விழுந்தபோது கணக்குத் தலைகீழானது: ராத்தல் பத்துக் காசு, சம்பளமும் வெட்டு, பல்லாயிரம் பேர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வணிகப் பக்கத்தின் ஒற்றை எண்ணுக்கும், அடுத்த வாரக் கப்பல் செய்திக்கும் உள்ள தொடர்பு அப்போது கண்ணுக்குத் தெரியும்.

செய்தி என்று நினைத்துப் படித்தது விளம்பரமாக இருந்தது. இது அடிக்கடி நேருமா?

நேரும், எங்களுக்கும் நேர்ந்தது. நீண்ட நாள் நோயில் கிடந்து எழுந்த ஒருவரின் உருக்கமான வரலாற்றை நகலெடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டேன். கடைசி வரியில் டாக்டர் வில்லியம்ஸின் இளஞ்சிவப்பு மாத்திரை வந்து நின்றது. அந்த மாத்திரைக்காரர்கள் உலகம் முழுவதும் இதே பாணியில் விளம்பரம் செய்தவர்கள். ஆகவே எந்தக் கதையையும் கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள்.

துரை வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்று தாத்தா சொன்னார். பத்திரிகையில் ஆதாரம் உண்டா?

உங்கள் தாத்தா சொன்னது சரி. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில், மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்ல அனுமதிக்க வேண்டும் என்பதும் ஒன்று. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம், கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துதல் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. தலைவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த மே மாதத்து ஆங்கிலப் பத்திரிகைகளைப் படிக்கும்போது, 'கலவரம்' என்ற சொல் எத்தனை முறை வருகிறது, கோரிக்கைகள் எத்தனை முறை வருகின்றன என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

சம்பளத்தோடு சேர்த்து மிதிவண்டியையும் எழுதிவைத்தார்களே என்று சில இளைஞர்கள் சிரிக்கிறார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் வாங்கிய வண்டியை, செம்மண் சடக்கில், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, ஓரமாகத் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தவர்களுக்கு அது சிரிப்பாக இருக்கவில்லை.

தமிழ்ப் பத்திரிகைகள் இதையெல்லாம் எழுதவில்லையா?

எழுதின. சிங்கை நேசன் 1887இலேயே சிங்கப்பூரில் வெளிவந்தது. கோலாலம்பூரில் தமிழ் நேசன் 1924இலும், சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு 1935இலும் தொடங்கின. தோட்டத்து லயத்தில் ஒரு பத்திரிகை வந்தால், எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, வாசலில் உட்கார்ந்து பத்துப் பேர் கேட்பார்கள். எங்கள் தோட்டத்தில் 1960கள் வரையிலும் இது நடந்தது. ஒரே சம்பவத்துக்கு ஆங்கிலப் பத்திரிகையையும் தமிழ்ப் பத்திரிகையையும் சேர்த்துப் படிக்க வாய்த்தால் அதை விடாதீர்கள். தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றுவிட்டது. வீட்டுப் பரணில் பழைய இதழ்கள் கட்டாக இருந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போடுவதற்கு முன் எங்களுக்கு ஒரு சொல் சொல்லுங்கள்.

என் கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா?

பெயரை வைத்துத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். தோட்டத்தின் பெயரை வைத்துத் தேடுங்கள். ஆங்கிலப் பெயர் வேண்டும். 'வாழைத்தோட்டம்', 'பழைய தோட்டம்' என்று நாம் வழங்கிய பெயர்கள் பத்திரிகையில் இருக்காது. பெரியவர்களிடம் துரையின் பெயரைக் கேட்டால், அவர்கள் உச்சரிக்கும் விதத்திலிருந்தே ஆங்கிலப் பெயரை ஓரளவு ஊகிக்கலாம். பிறகு அந்தத் தோட்டம் இடம்பெறும் நீதிமன்றச் செய்தி, விபத்து, காய்ச்சல், கோயில் திருவிழா எல்லாவற்றையும் தேதியோடும் பக்க எண்ணோடும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். எழுதும்போது 'கூலி' என்று அச்சிட்டிருந்தால் அதை நாகரிகமாக மாற்றாமல் அப்படியே எழுதுங்கள்.

எங்கள் குழுவில் ஒரு பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. பேத்தி அப்படி எழுதிய நோட்டிலிருந்து, அவர் பிறந்த தோட்டத்தில் கிணறு இடிந்து விழுந்ததைப் பற்றிய நான்கு வரிச் செய்தியை வாசித்துக் காட்டினோம். அதிலும் யார் பெயரும் இல்லை. பாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அன்று கிணற்றுக்குள் இறங்கியிருந்த இரண்டு பேரின் பெயரையும் சொன்னார். பேத்தி அவற்றைச் செய்திக்குப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டாள்.